ஒரு பவுண்டு தானியம்: தாது வருடத்தில் யாருடைய வயிற்றை அளந்தார்கள்?

அந்தப் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போல உட்கார்ந்திருக்கும் மனிதர்கள், தோலும் எலும்புமாக ஒரு குழந்தை, அதைப் பிடித்திருக்கும் தாய். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, 1876–78 சென்னை மாகாணப் பஞ்சத்தின்போது எடுத்தவை. ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் முகநூலில் சுற்றுக்கு வரும். பாதிப் பேர் அதை 1943 வங்கப் பஞ்சம் என்று போடுவார்கள். கீழே ஒரே வாசகம்: "வெள்ளையன் நம்மை இப்படித்தான் கொன்றான்."

கொன்றான் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த "நம்மை" என்ற சொல்லில்தான் சண்டை. அந்தப் படத்தில் இருப்பவர் எந்தத் தெருக்காரர்? அவருக்கு நிலம் இருந்ததா? பஞ்சம் தொடங்கிய நாளில் அவர் யார் வீட்டுக் களத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்? படம் சொல்லாது. பகிர்கிறவரும் கேட்கமாட்டார். கேட்டால் "பஞ்சத்திலுமா சாதி பார்க்கிறீர்கள்?" என்பார்.

ஆமாம் தோழர், பார்க்கிறோம். பஞ்சம்தான் முதலில் பார்த்தது.

தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிகள் சொன்னது இதைத்தான். பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேல் செத்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. சேலம், கோயம்புத்தூர், வட ஆற்காடு, செங்கல்பட்டு, அந்தப் பக்கம் பெல்லாரி, கர்னூல், கடப்பா என்று மாகாணமே வறண்டது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் சாவைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள், கூலியைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நான் கூலியைப் பற்றித்தான் எழுத வந்தேன். நிவாரணம் என்ற பெயரில் மண் வெட்டவும் கல் உடைக்கவும் விடப்பட்ட லட்சக்கணக்கானவர்களுக்கு என்ன கொடுத்தார்கள், அந்த அளவை எப்படி முடிவு செய்தார்கள் என்று பார்த்தால், பஞ்சத்தின் முகம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

1877 ஜனவரி 1. டெல்லியில் தர்பார். விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கிறார் வைஸ்ராய் லிட்டன். அதே ஜனவரியில் சென்னை மாகாணத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நிவாரண வேலைகளில் இருக்கிறார்கள். சென்னை கவர்னர் பக்கிங்காம் கோமகன் செலவை ஏற்றிக்கொண்டே போகிறார் என்று மத்திய அரசுக்குக் கோபம். அடக்குவதற்கு ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர் பெயர் சர் ரிச்சர்ட் டெம்பிள்.

இந்த டெம்பிளின் முன்கதை தெரியவேண்டும். 1873–74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பொறுப்பில் இருந்தவர் இவர்தான். பர்மாவிலிருந்து நான்கு லட்சம் டன்னுக்கு மேல் அரிசி இறக்கினார். கூலியும் தாராளமாகக் கொடுத்தார். மிகச் சிலரே செத்தார்கள். இந்திய வரலாற்றில் பஞ்சத்தை அரசாங்கம் தடுத்து நிறுத்திய அபூர்வமான சம்பவம் அது. பாராட்டு கிடைத்ததா? லண்டனில் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஊதாரித்தனம் என்றார்கள். தங்களை உயிரோடு வைத்திருப்பது அரசாங்கத்தின் கடமை என்று இந்தியர்கள் நினைத்துவிடப் போகிறார்கள் என்று எக்கனாமிஸ்ட் பத்திரிகை கவலைப்பட்டது. அந்தக் கறையைக் கழுவிக்கொள்ள டெம்பிளுக்கு ஒரு வாய்ப்பு தேவைப்பட்டது. நம் தாத்தா பாட்டிகளின் வயிறு அந்த வாய்ப்பாக அமைந்தது.

சென்னைக்கு வந்ததும் கூலியைக் குறைத்தார். ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் காசும், அதன்மேல் உப்பு மிளகாய்க்கென்று கொஞ்சம் சில்லறையும். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, குழந்தைக்கு அதையும்விடக் குறைவு. ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். வெயிலில் நாள் முழுக்க மண் சுமக்க இதுதான் கூலி. இதற்கு "டெம்பிள் கூலி" என்றே பெயர் நின்றுவிட்டது. உடம்பில் தெம்பிருப்பவர்கள் பக்கத்து ஊரில் வேலை கேட்கக் கூடாது, பத்து மைலாவது தள்ளிப் போய் முகாமில் தங்கித்தான் செய்யவேண்டும் என்று தூரச் சோதனை வேறு. உண்மையிலேயே பட்டினி கிடப்பவன்தான் அவ்வளவு தூரம் வருவான், வராதவன் நடிக்கிறான் என்பது தர்க்கம். பட்டினி கிடப்பவனால் பத்து மைல் நடக்க முடியுமா என்ற கேள்வி கோப்பில் இல்லை.

மைக் டேவிஸ் என்ற அமெரிக்க வரலாற்று ஆய்வாளர் 2001இல் வெளியிட்ட நூலில் ஓர் அட்டவணை போட்டிருக்கிறார். டெம்பிள் கூலியில் கிடைத்தது ஒரு நாளைக்கு 1,627 கலோரி. அசையாமல் படுத்துக்கிடக்கும் ஒரு மனித உடம்புக்கே சுமார் 1,500 வேண்டும். 1944இல் ஹிட்லரின் புக்கன்வால்ட் வதைமுகாமில் கடின உழைப்புக் கைதிக்குக் கிடைத்தது 1,750. நாஜி முகாம் அளவைவிடக் குறைவு. இதே டெம்பிள் மூன்று வருடம் முன்பு வங்க மாகாணத்தில் கொடுத்தது 2,500. இந்த ஒப்பீட்டைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள், அதிர்ச்சிக்காக. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது புக்கன்வால்ட் இல்லை, அந்தக் கடைசி எண். எவ்வளவு கொடுத்தால் மனிதன் பிழைப்பான் என்று டெம்பிளுக்குத் தெரியும். தெரிந்தவர்தான் குறைத்தார்.

எதிர்த்தவர் ஒருவர் அரசாங்கத்துக்குள்ளேயே இருந்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சென்னை அறிக்கையை எழுதியவரும் அவரே. இந்த மாகாணத்தில் யார், எங்கே, எப்படி வாழ்கிறார்கள் என்று அறிந்தவர். ஒன்றரை பவுண்டு தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும், ஒரு பவுண்டில் உழைக்கச் சொன்னால் உடம்பு தன்னைத்தானே தின்னும் என்று வாதிட்டார். சிறைக் கைதிகளின் உணவு அளவோடு ஒப்பிட்டுக் காட்டினார். டெம்பிள் அசையவில்லை. கொடுத்துத்தான் பார்ப்போமே, போதவில்லை என்று தெரிந்தால் பிறகு யோசிக்கலாம் என்ற பாணியில் இது ஒரு பரிசோதனையாகவே நடந்தது. பரிசோதனைக்கூடம் நம்முடைய உடம்பு. சில மாதங்கள் கழித்துச் சென்னை அரசு அளவைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் பருப்பும் சேர்த்தது. அதற்குள் முடிவு தெரிந்துவிட்டிருந்தது.

இங்கே கொஞ்சம் நிற்போம். ஒரு பவுண்டு போதும் என்று ஓர் அதிகாரி எந்தத் துணிச்சலில் சொல்கிறான்? இவர்கள் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழகியவர்கள், ஐரோப்பிய மருத்துவக் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கை லண்டனிலிருந்து கப்பலில் வரவில்லை. படியாளுக்குக் கூழே போதும் என்பது இந்த மண்ணின் மிராசுதாரர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தது. களத்தில் நெல் அளக்கும்போது மரக்காலைச் சாய்த்தவர்களின் பொருளாதாரம் அது. வெள்ளை அதிகாரி அதற்கு ஆங்கிலத்தில் ஒரு கோப்பு எண் கொடுத்தார்.

அது பொய்யும்கூட. படியாளின் சாப்பாடு அளந்து போட்ட தானியம் மட்டும் இல்லை. வரப்போரக் கீரை, வயல் நண்டு, நத்தை, குளத்து மீன், எலி, செத்த மாட்டின் கறி என்று ஊர் அருவருத்த எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சேரி உயிர் வாழ்ந்தது. மிராசுதாரன் கொடுத்த கூலி போதவே போதாது என்பதற்கு அந்த நத்தையும் எலியும்தான் சாட்சி. மழை பொய்த்துக் குளம் காய்ந்தால் கீரையும் இல்லை, நண்டும் இல்லை. முகாமில் அடைபட்டவனுக்கு எதுவுமே இல்லை. மிச்சம் அந்த ஒரு பவுண்டு மட்டும். "பழகிய அளவு" என்று எதை வைத்துச் சொன்னார்கள்?

படியாளுக்கும் மிராசுதாரருக்கும் இருந்ததாகச் சிலர் இன்றும் உருகும் அந்த "பாசப்பிணைப்பு" என்ன ஆனது என்றும் கேட்கவேண்டும். பஞ்சம் வந்ததும் முதலில் கைவிடப்பட்டவர்கள் பண்ணையாட்கள்தான். பஞ்சத்துக்குப் பிறகு ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த 1880 பஞ்ச விசாரணைக் குழுவே, முதல் அடி விழுவது நிலமற்ற விவசாயக் கூலிகள்மேல்தான், அடுத்து நெசவாளர் போன்ற கைவினைஞர்கள்மேல் என்று எழுதியிருக்கிறது. நிலமற்ற விவசாயக் கூலி என்பதற்கு இந்த மாகாணத்தில் வேறு பெயர்கள் இருந்தன: பறையர், பள்ளர், சக்கிலியர், மாலா, மாதிகா. அறிக்கை பொதுவாகத் தொழிலின் பெயரைத்தான் சொல்கிறது, அதனால் "நம்மை" என்று பொதுவாக அழுவதற்கு வசதியாகிவிட்டது.

நிவாரணமும் எல்லோருக்கும் ஒரே வழியில் வரவில்லை. முகாமில் கிடந்து மண் சுமந்தால்தான் சோறு என்பது ஒரு வழி. கிராமத்தில் வீட்டிலேயே இருந்து காசோ தானியமோ பெறுவது இன்னொரு வழி. "கௌரவமான" குடும்பத்துப் பெண்கள், வெளியே வரும் வழக்கமில்லாதவர்கள் வீட்டிலேயே உதவி பெறலாம் என்பது பின்னால் பஞ்ச விதித்தொகுப்புகளில் எழுத்திலேயே வந்தது. நெசவாளருக்கு அவரவர் தொழிலிலேயே வேலை தரலாமா என்று விவாதித்தார்கள். அதில் நியாயம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் இருந்தபடி உதவி பெறத் தகுதி யாருக்கு என்று பட்டியல் போட்டவர் யார்? கர்ணமும் மணியக்காரரும். அவர்கள் எந்தத் தெருவில் இருந்தார்கள், எந்தத் தெருவுக்குள் கால் வைக்கமாட்டார்கள் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியே வரும் வழக்கம் இல்லாத பெண்ணுக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருந்தது. வெளியே வந்து உழைக்காமல் ஒருநாள்கூட உண்ண முடியாத பெண்ணுக்கு இருந்தது கூடையும், ஆணைவிடக் குறைந்த கூலியும்தான்.

முகாமுக்குப் போனாலும் மேஸ்திரி யார், ஓவர்சியர் யார் என்ற கேள்வி இருந்தது. இதற்கு ஒரு திட்டவட்டமான சாட்சியம் ஒங்கோலில் இருக்கிறது. அப்போது அது சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டம். அங்கே ஜான் கிளவ் என்ற அமெரிக்கப் பாப்டிஸ்ட் மிஷனரி மாதிகா மக்களிடையே வேலை செய்துவந்தார். அரசாங்கத்தின் பஞ்ச வேலைக்குப் போக மாதிகாக்கள் பயந்தார்கள். மேலே நின்று வேலை வாங்கியவர்கள் சாதி இந்துக்கள். அடியும் வசவும் கிடைக்கும், கூலி முழுசாகக் கை சேராது. கிளவ் நில அளவைத் தொழில் தெரிந்தவர். பக்கிங்காம் கால்வாயில் மூன்று மைல் அளவுக்குத் தானே ஒப்பந்தம் எடுத்தார். மாதிகாக்களை வேலைக்கு வைத்து, மேற்பார்வைக்கு அவர்களுக்குள்ளிருந்தே வந்த போதகர்களைப் போட்டார். கூலி சரியாகக் கைக்குப் போனது. வேலை நடந்துகொண்டிருந்த காலம் முழுக்க யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார், சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று. நிவாரணம் முடிந்த பிறகு, 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் குண்டலகம்மா ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இதை மிஷனரி மகிமையாகச் சொல்ல நான் வரவில்லை. அதே பஞ்சம், அதே கால்வாய், அதே மண். மேலே நின்ற ஆள் மாறியதும் கூலி கைக்கு வந்தது. அரசாங்கத்தால் முடியாத காரியமா அது? ஓவர்சியர் பதவிக்குச் சாதி இந்துவைத்தான் போடவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உள்ளூர் ஆதிக்கத்தைத் தொடாமல் ஆட்சி நடத்துவது ஆங்கிலேயருக்கு மலிவாக இருந்தது, அவ்வளவுதான்.

அதனால்தான் "வெள்ளைக்காரன் இல்லாவிட்டால் நாம் படித்திருப்போமா?" என்று கேட்கும் நம் தரப்புத் தோழர்களிடமும் எனக்கு ஒரு வார்த்தை உண்டு. பள்ளிக்கூடம் வந்தது, பட்டாளத்தில் இடம் கிடைத்தது, செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீரின் 1891 அறிக்கையைத் தொடர்ந்து பஞ்சமி நிலம் வந்தது. எல்லாம் உண்மை. ஆனால் பஞ்சமி நிலத்துக்குப் பதினைந்தே வருடம் முன்பு இதே அரசாங்கம் இதே மக்களுக்கு 450 கிராம் அளந்தது. முதல் வட்டமேசை மாநாட்டில், 1930இல், அம்பேத்கர் பிரிட்டிஷாரின் முகத்துக்கு நேராகவே கேட்டார்: நீங்கள் வருவதற்கு முன்பு எங்களால் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியவில்லை, இப்போது முடிகிறதா என்று. நன்றிக்கடன் பட்டவராக அவர் அங்கே நிற்கவில்லை. நமக்கும் அந்தக் கடன் இல்லை.

மறுபக்கம் தேசியவாதிகள். டெம்பிள் கூலியை எதிர்த்து 1877 தொடக்கத்தில் பம்பாய் மாகாணத்தில் நிவாரணத் தொழிலாளர்கள் பெருங்கூட்டமாக வேலையை விட்டு வெளியேறினார்கள். புனே சார்வஜனிக் சபை அவர்களுக்கு ஆதரவாக மனு மேல் மனு போட்டது. சரியான காரியம், மறைக்கவேண்டியதில்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் சபையின் பெயர் இருக்கிறது, வயிற்றைப் பணயம் வைத்து மண்வெட்டியைக் கீழே போட்டவர்கள் வெறும் "தொழிலாளர்கள்". பட்டினிக் கூலியையும் வேண்டாம் என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அதே பஞ்சத்தில் சத்தியசோதக் சமாஜத்தார் பட்டினிக் குழந்தைகளுக்குச் சோறு போட்டார்கள். 1877 ஏப்ரலில் ஜுன்னார் பக்கத்து ஓதூரிலிருந்து சாவித்திரிபாய், ஜோதிராவ் புலேவுக்கு அந்த வேலையைப் பற்றி எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதைப் படித்த மாணவர்கள் எத்தனை பேர்?

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. கூலியில் தானியத்துக்கு மேல் கொடுத்த சில்லறை உப்பு மிளகாய்க்கு என்றேன் இல்லையா? பஞ்சம் நடந்துகொண்டிருந்த 1877–78இல் சென்னை, பம்பாய் மாகாணங்களில் உப்பு வரியை மணங்கு ஒன்றுக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவுக்கு ஏற்றினார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பது என்பார்களே, அதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கு கிடைக்காது. எதிர்காலப் பஞ்சங்களுக்கென்று ஒதுக்கிய பணத்தின் கதையும் அப்படித்தான். ஆப்கன் யுத்தம் வந்தது, பணம் அந்தப் பக்கம் போனது.

"பழைய கதை, இப்போது எதற்கு?" என்று கேட்பவர்கள் நூறு நாள் வேலை பற்றி டீக்கடையில் என்ன பேசுகிறார்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள். மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுச் சம்பளம் வாங்குகிறார்கள். இதனால் வயல் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. கூலி கேட்கிற அளவுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது. தூரச் சோதனை வைத்தவர்களின் வாதமும் இதேதான்: நிவாரணக் கூலி வெளிக் கூலியைவிடக் குறைவாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சோம்பேறியாகிவிடுவான். 2021இல் ஒன்றிய அரசு இந்தத் திட்டத்தின் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று மூன்று கணக்காகப் பிரித்து அனுப்பச் சொன்னது. ஒரே குளத்தில் ஒன்றாக மண் அள்ளியவர்களுக்கு வெவ்வேறு நாளில் கூலி வந்தது. ஊருக்குள் சண்டை மூட்ட இதைவிட என்ன வேண்டும்? எதிர்ப்புக்குப் பிறகு அந்த வருடமே கைவிட்டார்கள். 

சென்னையில் இருப்பவர்களுக்கு இந்த வரலாறு காலடியில் ஓடுகிறது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்த் துண்டு, சுமார் எட்டு கிலோமீட்டர், 1877–78இல் பஞ்ச வேலையாக வெட்டியது. கவர்னரின் பெயரையே வைத்தார்கள். இன்று அதன் மேலே பறக்கும் ரயில் ஓடுகிறது. அதன் கரையில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லிக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பினார்கள். பக்கிங்காம் மட்டும் இன்னும் காலி செய்யவில்லை.

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆய்வு மாணவர்கள் துறைத் தலைவரின் கடிதத்தோடு போகலாம். 1876–78 வருவாய்த் துறைக் கோப்புகளைக் கேளுங்கள். கார்னிஷின் குறிப்புகளையும், அன்றைக்கு மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் இந்தப் பஞ்சத்தைப் பற்றி எழுதிய இரண்டு தொகுதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது கூலி, சாதி, மேற்பார்வையாளர் என்ற மூன்றையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். ஊருக்குப் போகும்போது வயதானவர்களிடம் கேளுங்கள்: நம் பக்கம் எந்தக் குளம், எந்த ரோடு பஞ்சத்தில் போட்டது, அப்போது நம் ஆட்கள் எங்கே போனார்கள், கண்டிக்கா, கஞ்சித் தொட்டிக்கா? கிடைப்பதை எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் போடுவோம்.